சமயத்தைப் பிறர்க்கு உரைத்தல்: சட்டம் வகுத்த எல்லைகளின் வரலாறு

மனச்சான்றுச் சுதந்திரமும், ஒரு சமயத்தை ஏற்றுக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உள்ள உரிமையும் எல்லா மனிதர்க்கும் சமமாக உண்டு என்று இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது உறுப்பு கூறுகிறது. அவ்வுரிமை பொது ஒழுங்குக்கும் ஒழுக்கநெறிக்கும் மக்கள் நல்வாழ்வுக்கும் ஏனைய அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டது என்று அதே உறுப்பு வரம்பும் கட்டுகிறது. இந்த வாசகம் 1948 டிசம்பர் 6 அன்று அரசமைப்பு அவையில் ஏற்கப்பட்டதாயினும், அதற்குப் பின்னால் நெடுங்காலத்து வழக்குகளும் பூசல்களும் அரசாணைகளும் உள்ளன. அதற்குப் பிறகும் அவை ஓய்ந்துவிடவில்லை. அந்த வரலாற்றில் சட்டம் மூன்று கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டது எனலாம். சமயத்தைப் பொதுவில் உரைக்க யாருக்கு அனுமதி உண்டு என்பது கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்துக் கேள்வி. எந்த இடத்தில், எந்த முறையில் உரைக்கலாம் என்பது பிரிட்டிஷ் முடியாட்சிக் காலத்துக் கேள்வி. உரையைக் கேட்டவர் சமயம் மாறினால் அந்த மாற்றம் நேரிய வழியில் நிகழ்ந்ததா என்பது விடுதலைக்குப் பிந்தைய கேள்வி. முதற்கேள்வி இந்தியக் குடிமக்களைப் பொறுத்தவரை மறைந்துவிட்டது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் நிலையான விடை கிடைத்துவிட்டது. மூன்றாவது மட்டும் இன்றும் நீதிமன்றங்களில் விசாரணையில் இருக்கிறது.

கும்பினியின் உரிமச் சீட்டு

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சௌவும் டென்மார்க் மன்னரின் ஆணையோடு வந்த ஜெர்மானியக் குருமார்கள். அரசனின் ஆணை கையில் இருந்தும் அவ்வூர்க் கோட்டைத் தளபதிக்கும் அவர்களுக்கும் இடையே அதிகாரப் பூசல் மூண்டு, 1708இன் இறுதியில் சீகன்பால்கு சிறைப்பட்டு ஏறத்தாழ நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். வணிகத்துக்காக அமைந்த ஆட்சியொன்று சமயப் பணியாளரைத் தன் கட்டுக்குள் வைத்திருக்க விரும்பியது என்பதற்குத் தமிழகக் கடற்கரையில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

ஆங்கிலக் கும்பினியின் போக்கு இதைவிட வெளிப்படையானது. கும்பினியின் உரிமச் சீட்டு இல்லாத ஐரோப்பியர் எவரும் அதன் ஆட்சி எல்லைக்குள் தங்க இயலாது என்ற விதி வணிகர்க்கு எப்படியோ அப்படியே சமயப் பணியாளர்க்கும் பொருந்தியது. இந்த விதி எங்கும் ஒரே சீராக நடைமுறைப்படவில்லை. தஞ்சையில் பணியாற்றிய சுவார்ட்சு ஐயரைக் கும்பினியே 1779இல் ஹைதர் அலியிடம் தூதனுப்பியது. ஆயினும் 1793இல் கல்கத்தா வந்த வில்லியம் கேரிக்கு உரிமம் இல்லை. அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1800இல் டேனியர் ஆட்சியில் இருந்த செராம்பூரில் குடியேறி அச்சகம் நிறுவியதற்கு இதுவே முதன்மையான காரணம்.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த நிகழ்வு இந்தக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. புதிய தலைப்பாகையும், நெற்றிக் குறிகளையும் தாடியையும் பற்றிய இராணுவ ஆணைகளுமே அக்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களாக இருந்தபோதிலும், சமயப் பணியாளர் நடமாட்டமே குடிமக்களை அச்சுறுத்தியது என்ற வாதம் லண்டனில் வலுத்தது. அவர்களை இந்தியாவில் அனுமதிக்கலாமா என்பது குறித்து அங்கே ஒரு துண்டுப் பிரசுரப் போரே நடந்தது. அடுத்த ஆண்டில், இஸ்லாத்தைத் தாக்கி எழுதப்பட்ட பாரசீகப் பிரசுரம் ஒன்று செராம்பூர் அச்சகத்திலிருந்து வெளிவந்தபோது, தலைமை ஆளுநர் மிண்டோ பிரபு அச்சகத்தையே கல்கத்தாவுக்கு மாற்றும்படி ஆணையிட்டார். பின்னர் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டாலும், கும்பினி எல்லைக்குள் பரப்பப்படும் நூல்களை அரசின் பார்வைக்கு முன்கூட்டியே வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு நிலைத்தது. 1812இல் கல்கத்தா வந்த அமெரிக்கரான அதோனிராம் ஜட்சன் நாட்டை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டார். மொரீசியசுக்குச் சென்று, அங்கிருந்து 1813இல் சென்னைக்கு வந்த அவர், இங்கும் நாடு கடத்தப்படலாம் என்றஞ்சி ரங்கூனுக்குக் கப்பலேறினார்.

அதே ஆண்டில் கும்பினியின் பட்டயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் புதுப்பிக்கப்பட்டது. அந்நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாகவும் இங்கிலாந்தெங்கும் இருந்து வந்த நூற்றுக்கணக்கான மனுக்களின் பயனாகவும், சமய, ஒழுக்க மேம்பாட்டுக்காக இந்தியா செல்ல விரும்புவோர் உரிமம் பெறலாம் என்ற விதி 1813ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. கும்பினி இயக்குநர்கள் உரிமம் மறுத்தால் மேலாய்வுக் குழுவிடம் முறையிடவும் வழி செய்யப்பட்டது. 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் ஆங்கிலேயர் இந்தியாவில் தங்குவதற்கு இருந்த உரிமத் தடையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டதால், யார் பேசலாம் என்ற கேள்வி நடைமுறையில் முடிவுக்கு வந்தது. பின்னாளில் அது அயல்நாட்டார்க்கான நுழைவு அனுமதி என்ற வடிவில் மட்டும் தங்கியது.

உரிமத் தடை நீங்கிய பிறகு எதிர்ப்பு அரசின் கையிலிருந்து சமூகத்தின் கைக்கு மாறியது. 1840களில் திருநெல்வேலிச் சீமையில் மதமாற்றத்தை எதிர்த்து விபூதிச் சங்கம் என்ற அமைப்பு தோன்றியது. சென்னையில் 1844இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தொடங்கிய கிரசென்ட் இதழ் சமயப் பணியாளர்க்கு அரசு அலுவலர் காட்டிய சார்பை எதிர்த்து எழுதியது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமாரின் பிரசங்கமும் அச்சுப் பிரசுரமும் ஆகிய அதே கருவிகளைச் சைவத்தின் காப்புக்கு அவர் பயன்படுத்தினார். 1887இல் சென்னையில் நிறுவப்பட்ட இந்து டிராக்ட் சொசைட்டி தெருமுனைப் பேச்சாளர்களை அமர்த்திக் கிறித்தவப் பிரசங்கியாருக்கு அவர்கள் நின்ற இடத்திலேயே மறுமொழி சொல்ல வைத்தது. இவ்வாறு பொதுவெளியில் சமயம் பேசுவது 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் எல்லாச் சமயத்தாருக்கும் உரிய வழக்கமாகிவிட்டது.

இதே காலத்தில் கேட்பவரின் நிலை பற்றியும் ஒரு சட்டம் வந்தது. சமயம் மாறியவர் குடும்பச் சொத்தில் தமக்குள்ள வாரிசுரிமையை இழப்பார் என்ற பழைய விதி, வங்காள மாகாண எல்லைக்குள் 1832ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையாலும், பின்னர் கும்பினி ஆட்சி முழுவதற்கும் 1850ஆம் ஆண்டின் 21ஆவது சட்டத்தாலும் செல்லாததாக்கப்பட்டது. சாதி இழப்பால் வரும் குறைபாடுகளை நீக்கும் சட்டம் என்று வழங்கிய இதற்குச் சென்னையிலும் கல்கத்தாவிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. சொத்துரிமையை வைத்து மதமாற்றத்துக்கு ஊக்கம் தருகிறது என்பது எதிர்ப்பாளரின் வாதம், மனச்சான்றின்படி நடந்ததற்காக ஒருவர் தண்டிக்கப்படக் கூடாது என்பது அரசின் விடை.

தண்டனைச் சட்டமும் தெருவும்

1857 எழுச்சிக்குப் பின் ஆட்சி பிரிட்டிஷ் முடியின் கைக்கு வந்தபோது, 1858 நவம்பர் 1 அன்று வெளியிடப்பட்ட விக்டோரியா அரசியாரின் அறிக்கை, தம் சமய நம்பிக்கையைக் குடிகள் மீது திணிக்கும் உரிமையோ விருப்பமோ தமக்கு இல்லை என்றும், எல்லாச் சமயத்தாருக்கும் சட்டத்தின் சமமான காப்பு உண்டு என்றும், அலுவலர் எவரும் குடிகளின் வழிபாட்டில் தலையிடலாகாது என்றும் அறிவித்தது. அரசு ஒதுங்கி நிற்கும் என்ற இந்தக் கொள்கைக்குச் செயல்வடிவம் தந்தது 1860இல் இயற்றப்பட்டு 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமாகும்.

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் அளித்த வரைவிலேயே சமயக் குற்றங்களுக்கெனத் தனி இயல் இருந்தது. ஒவ்வொருவரும் தம் சமயத்தை வெளிப்படையாகக் கொண்டொழுகலாம், ஆனால் பிறர் சமயத்தை இழிவுசெய்ய எவருக்கும் இடமில்லை என்பதே அந்த இயலின் அடிப்படை. வழிபாட்டிடத்தையோ புனிதப் பொருளையோ அழிப்பதை 295ஆவது பிரிவும், வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பதை 296ஆவது பிரிவும், இடுகாட்டில் அத்துமீறுவதை 297ஆவது பிரிவும் தண்டித்தன. பொதுவில் சமயம் பேசுவோரை நேரடியாகத் தொட்டது 298ஆவது பிரிவு. ஒருவரின் சமய உணர்வைப் புண்படுத்தும் தீர்க்கமான எண்ணத்தோடு அவர் செவியில் படும்படி சொல் உரைப்பதும் ஒலி எழுப்புவதும், அவர் கண்ணில் படும்படி சைகை செய்வதும் பொருளை வைப்பதும் ஓராண்டுவரை சிறைக்குரிய குற்றமாயின. எண்ணம் தீர்க்கமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. தன் சமயமே உண்மை என்று நிறுவ முனைபவர் பேச்சின் போக்கில் மற்றவர் மனம் நோகும்படி ஏதேனும் சொல்லிவிடுவது இயல்பு என்பதை வரைவாளர்கள் உணர்ந்திருந்தார்கள்; நேர்மையான வாதத்தைக் காத்துத் திட்டமிட்ட வசையை மட்டும் தண்டிப்பது அவர்கள் நோக்கம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்ததை 1920கள் காட்டின. லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர் நபிகள் நாயகத்தை இழித்து வெளியிட்ட ‘ரங்கீலா ரசூல்’ என்ற பிரசுரத்துக்காக அவர்மீது வகுப்புகளிடையே பகை மூட்டியதாக 153-அ பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. இறந்துபோன சமயத் தலைவர் ஒருவரைத் தாக்குவது அப்பிரிவுக்குள் அடங்காது என்று கூறி 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதனால் எழுந்த கொந்தளிப்புக்குப் பின் அதே ஆண்டில் 295-அ பிரிவு சேர்க்கப்பட்டு, ஒரு வகுப்பாரின் சமயத்தையோ சமய நம்பிக்கைகளையோ தீர்க்கமான, தீய எண்ணத்தோடு எழுத்தாலும் பேச்சாலும் இழிவுசெய்வது குற்றமாக்கப்பட்டது. ராஜ்பால் 1929இல் கொலையுண்டார். இந்தப் பிரிவு பேச்சுரிமைக்கு முரணா என்ற கேள்வி விடுதலைக்குப் பின் எழுந்தபோது, ராம்ஜி லால் மோடி வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. கவனக்குறைவாலோ தற்செயலாகவோ நேரும் இழிவை அப்பிரிவு தண்டிப்பதில்லை, பொது ஒழுங்கைக் குலைக்கும் கடுமையான வடிவத்தை மட்டுமே தண்டிக்கிறது என்பது நீதிமன்றம் தந்த காரணம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 295-அ, 298 ஆகிய இவ்விரு விதிகளும் முறையே 299, 302 ஆகிய பிரிவுகளாகத் தொடர்கின்றன.

பேச்சுக்கு அடுத்தபடியாகச் சட்டம் கவனித்தது தெருவை. சமய ஊர்வலமும் ஒரு வகையில் பொதுவில் சமயத்தை அறிவிப்பதுதான். அதில் வைணவருள் வடகலையார்க்கும் தென்கலையார்க்கும் இடையிலும், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலும் எழுந்த பூசல்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அடிக்கடி வந்தன. 1882இல் சேலத்தில் பள்ளிவாசல் வழியே இசையோடு ஊர்வலம் செல்வது பற்றிய பூசல் பெருங்கலவரமாக வெடித்தது. அப்பூசலையொட்டி வந்த சுந்தரம் செட்டி வழக்கில் 1883இல் முழு ஆயம் கூறிய முடிவு பின்னாளைய சட்டத்துக்கு வழிகாட்டியது: பொதுத்தெரு எல்லாருக்கும் உரியது, எந்தச் சமயத்தாரும் பிறர் வழியை மறிக்காமலும் அமைதியைக் குலைக்காமலும் அதில் ஊர்வலம் செல்லலாம், கலவரம் மூளும் நிலை வரும்போது நடுவர் அவ்வுரிமையை அப்போதைக்கு நிறுத்தி வைக்கலாமே தவிர, ஒரு சமயத்தாரின் விருப்பத்துக்காக இன்னொருவரின் உரிமையை நிலையாக மறுக்க முடியாது. ஐக்கிய மாகாணத்திலிருந்து சென்ற மன்சூர் ஹசன் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1920களின் நடுவில் இதே கருத்தை ஏற்றபோது சென்னைத் தீர்ப்புகளையே ஆதாரமாகக் கொண்டது. காவல்துறை முன்னனுமதி, பாதை, நேரம் ஆகியவற்றை வரையறுக்கும் இன்றைய நடைமுறை இந்தத் தீர்ப்புகளின் வழிவந்ததே.

சமயத்தை மறுத்துப் பேசுவோர்க்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்பது திருச்சிராப்பள்ளியில் எழுந்த ஒரு வழக்கில் தெளிவாயிற்று. 1953 மே மாதத்தில் அந்நகர் டவுன்ஹால் திடலில் ஈ.வெ. ராமசாமிப் பெரியார் களிமண் பிள்ளையார் உருவத்தைப் பொதுக்கூட்டத்தில் உடைத்தார். வழிபாட்டில் நிறுவப்படாத உருவம் புனிதப் பொருள் ஆகாது என்று கீழ்நீதிமன்றங்கள் முறையீட்டைத் தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றம் 295ஆவது பிரிவுக்கு அவை தந்த பொருள் மிகக் குறுகியது என்று கூறியபோதிலும், காலம் கடந்துவிட்டதால் மேல்விசாரணைக்கு ஆணையிடவில்லை.

ஒலி பற்றிய சட்டத்துக்கும் சென்னை வழக்கொன்றே அடிப்படையாயிற்று. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் இருந்த சர்ச் ஆஃப் காட் என்ற சபையின் ஒலிபெருக்கியை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்றும், ஒலிபெருக்கி வழிபாட்டின் கூறு என்று உரிமை கோர இயலாது என்றும் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியான ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று உச்ச அளவு வகுத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. இந்த வரம்பு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் ஒன்றே.

இடத்தைக் குறித்தும் சில விதிகள் உண்டு. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆவது உறுப்பு. பிற சமயத்தாரின் வழிபாட்டிடங்களில் தம் சமயத்தைப் பரப்புவதை ஆந்திரப் பிரதேசம் 2007இல் திருமலையை முன்னிட்டு இயற்றிய சட்டத்தால் தடை செய்தது. இவற்றை மீறாதவரை, சமயத்தைக் கோயிலில் உரைப்பதா, மடத்தில் உரைப்பதா, வீட்டுக் கூடத்தில் உரைப்பதா என்பதில் வேறுபாடு இல்லை என்று ரத்திலால் பனாசந்த் காந்தி வழக்கில் 1954இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

அரசமைப்பு அவையின் தீர்வு

விடுதலை இயக்கத்தின் பழைய உரிமை ஆவணங்களில் சமயத்தைப் பரப்பும் உரிமை தனியே சொல்லப்படவில்லை. 1928ஆம் ஆண்டின் நேரு அறிக்கையும் 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானமும் மனச்சான்றுச் சுதந்திரத்தையும் சமயத்தைக் கொண்டு ஒழுகும் உரிமையையும் மட்டுமே உறுதியளித்தன. காந்தியடிகள் மதமாற்ற முயற்சிகளை வெளிப்படையாக எதிர்த்தவர். ஆகவே 1947இல் அரசமைப்பு அவையின் சிறுபான்மையினர் துணைக்குழுவில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எம். ரத்னசாமி, கிறித்தவமும் இஸ்லாமும் இயல்பிலேயே பிறருக்கு எடுத்துரைக்கும் சமயங்கள் ஆதலால் அவ்வுரிமை வெளிப்படையாக எழுதப்பட வேண்டும் என்று வாதிட்டதும், துணைக்குழு அதைப் பரிந்துரைத்ததும் ஒரு புதிய திருப்பம்.

இதற்கு மறுபுறத்தில், வற்புறுத்தியோ தகாத செல்வாக்கைச் செலுத்தியோ செய்யும் மதமாற்றத்தைச் சட்டம் ஏற்காது என்ற தனி விதி முன்மொழியப்பட்டது. 1947 மே 1 அன்று அது அவைக்கு வந்தபோது, 18 வயதுக்குட்பட்டோரின் மாற்றமும் செல்லாது என்று சேர்க்க கே.எம். முன்ஷி விரும்பினார். பெற்றோர் சமயம் மாறினால் கைக்குழந்தை எந்தச் சமயத்தில் நிற்கும் என்று பிராங்க் அந்தோணி கேட்டார். அந்தச் சிக்கலை அம்பேத்கரும் எடுத்துக்காட்டினார். விதி மீண்டும் ஆலோசனைக் குழுவுக்குப் போயிற்று. வற்புறுத்தல் சட்டத்துக்கு மாறானது என்பது எவரும் அறிந்த கோட்பாடு, அதை அடிப்படை உரிமைகளில் எழுதத் தேவையில்லை என்று அக்குழு முடிவு செய்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 30 அன்று வல்லபபாய் படேல் வழியாக அவைக்குத் தெரிவித்தது.

1948 டிசம்பர் 3, 6 ஆகிய நாள்களில் நடந்த இறுதி விவாதத்தில் பரப்புதல் என்ற சொல்லே தாக்குதலுக்கு உள்ளாயிற்று. சமயம் மனிதனுக்கும் படைத்தவனுக்கும் இடையிலான தனிப்பட்ட செய்தி, ஆகவே தனிமையில் கடைப்பிடிக்கும் உரிமை போதும் என்றார் தஜமுல் ஹுசைன். அச்சொல் நாட்டின் பழைய பண்பாட்டுக்கே கேடாகும் என்று லோகநாத் மிஸ்ரா எதிர்த்தார். சென்னையிலிருந்து வந்த உறுப்பினர்கள் இவர்களுக்கு மறுமொழி கூறியது குறிப்பிடத்தக்கது. பரப்பும் உரிமை கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று, எல்லாச் சமயத்தாருக்கும் அது பொது என்றார் எல். கிருஷ்ணசாமி பாரதி, உரிமையோடு பொது ஒழுங்கு முதலிய வரம்புகளும் சேர்ந்தே வருவதைக் கே. சந்தானம் சுட்டினார், தாம் ஏறத்தாழ 14 ஆண்டுகள் கிறித்தவ நிறுவனங்களில் பயின்றும் தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்றார் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பேச்சுரிமை உள்ள நாட்டில் அச்சொல் இல்லாவிட்டாலும் சமயத்தைப் பேசித்தான் ஆவார்கள், சிறுபான்மையினரோடு கண்ட இணக்கத்தை இப்போது குலைக்க வேண்டாம் என்ற முன்ஷியின் வாதத்துக்குப் பின் வாசகம் நிறைவேறியது.

அச்சொல் இல்லாத அரசமைப்பில் நிலைமை வேறாகும் என்பதற்கு இலங்கை எடுத்துக்காட்டு. அந்நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசமைப்பின் 14ஆவது உறுப்பு வழிபாட்டையும் கடைப்பிடித்தலையும் போதித்தலையும் காக்கிறது. பரப்புதலைப் பெயர்சொல்லிக் காக்கவில்லை. கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைச் சட்டப்படி நிறுவும் மசோதா பற்றி 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தபோது, சமயத்தைப் பரப்பும் அடிப்படை உரிமையை இலங்கை அரசமைப்பு ஏற்கவில்லை என்றது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005இல் இதைப் பன்னாட்டு உடன்படிக்கைக்கு மாறானது என்று கண்டது.

கேட்டவரின் மனத்தை ஆராயும் சட்டங்கள்

மதமாற்றத்தைத் தனிச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் முறை பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லை. ராய்கர் 1936இலும் உதய்ப்பூர் 1946இலும் இயற்றியவை போன்ற சமஸ்தானச் சட்டங்களே அதன் முன்னோடிகள். விடுதலைக்குப் பின் மத்தியப் பிரதேச அரசு 1954இல் அமைத்த நியோகி குழு, மதமாற்றத்தையே முதல் நோக்கமாகக் கொண்ட அயல்நாட்டார் வெளியேற வேண்டும் என்றும், பரப்பும் உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியதாக்கப்பட வேண்டும் என்றும் 1956இல் பரிந்துரைத்தது. மதமாற்றத்தைப் பதிவு செய்யக் கோரி நாடாளுமன்றத்துக்கு வந்த தனிநபர் மசோதாவை 1955இல் நேரு எதிர்த்தார். தீமையைத் தடுப்பதைவிட மக்களை அலைக்கழிக்கவே அது பயன்படும், காவல்துறைக்கு மிகுந்த அதிகாரம் தரும் என்பது அவர் கருத்து. மசோதா தோற்றது.

மாநிலங்கள் அந்த வழியைப் பின்பற்றவில்லை. ஒரிசா 1967இலும் மத்தியப் பிரதேசம் 1968இலும் சமயச் சுதந்திரம் என்ற பெயரிலேயே சட்டங்கள் இயற்றி, வன்முறை, மோசடி, ஆசை காட்டுதல் ஆகிய மூன்று வழிகளில் நிகழும் மதமாற்றத்தைக் குற்றமாக்கின. ஒரிசாவில் தண்டனை ஓராண்டுச் சிறையும் 5,000 ரூபாய் அபராதமும். மாறியவர் சிறார், பெண், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் எனில் இரு மடங்கு. இச்சட்டங்களின் சொல்விளக்கம்தான் வழக்குக்கு இடமாயிற்று. கடவுளின் சினத்துக்கு ஆளாவாய் என்று அச்சுறுத்துவதும் வன்முறை என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அவை விளக்கின. அந்த விளக்கத்தின்படி நரகத்தைப் பற்றிய ஒரு பிரசங்கமே குற்றச்சாட்டுக்கு இடமாகலாம். ஆசை காட்டுதல் என்பதோ எவ்வகை நன்மையையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்திருந்தது.

ஒரிசா உயர் நீதிமன்றம் தன் மாநிலச் சட்டத்தைச் செல்லாதென்றது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தன் மாநிலச் சட்டத்தைச் செல்லும் என்றது. இரண்டையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் 1977 ஜனவரி 17 அன்று, ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கு என்று வழங்கும் தீர்ப்பில், பரப்பும் உரிமை என்பது தன் சமயக் கோட்பாடுகளை எடுத்து விளக்கும் உரிமையே ஆகும், மற்றவரைத் தன் சமயத்துக்கு மாற்றும் உரிமை அதில் இல்லை என்று கூறி இரு சட்டங்களையும் நிலைநிறுத்தியது. ஒருவரை வேண்டுமென்றே மாற்ற முனைவது எல்லாருக்கும் உரிய மனச்சான்றுச் சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்பதும், வற்புறுத்தி மாற்றுவது பொது ஒழுங்கைக் குலைக்கும் ஆதலால் மாநிலங்கள் சட்டமியற்றலாம் என்பதும் தலைமை நீதிபதி ஏ.என். ராய் தந்த காரணங்கள். அரசமைப்பு அறிஞர் எச்.எம். சீர்வை இத்தீர்ப்பைக் கடுமையாக மறுத்தார். எடுத்துச் சொல்லும் உரிமையின் பயன் கேட்பவர் தாமே ஆய்ந்து தெரிவு செய்வதில்தான் இருக்கிறது, அந்தத் தெரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தின் வெளிப்பாடே ஒழிய அதற்கு மாறானதன்று என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழ்நாட்டில் 1981 பிப்ரவரியில் திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் பட்டியல் சாதி மக்கள் பெருந்திரளாக இஸ்லாத்தைத் தழுவியது நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டது. ஆயினும் உடனே சட்டம் எதுவும் வரவில்லை. 2002 அக்டோபர் 5 அன்று ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைப் பிறப்பித்து, அம்மாத இறுதியில் அதைச் சட்டமாகவும் நிறைவேற்றியது. மூன்றாண்டுவரை சிறையும் 50,000 ரூபாய்வரை அபராதமும், மாறியவர் சிறார், பெண், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் எனில் நான்காண்டும் ஒரு லட்சமும் என அது தண்டனை வகுத்தது. சிறுபான்மை அமைப்புகளும் தலித் அமைப்புகளும் தொடர்ந்து எதிர்த்த அச்சட்டம், மக்களவைத் தேர்தல் முடிவுகளுக்குப் பின் 2004 மே மாதத்தில் அதே அரசாலேயே திரும்பப் பெறப்பட்டது.

பிற மாநிலங்களில் போக்கு எதிர்த் திசையில் சென்றது. இமாச்சலப் பிரதேசம் 2006இல் இயற்றிய சட்டம், சமயம் மாற விரும்புபவர் 30 நாள் முன்னதாக மாவட்ட நடுவருக்கு அறிவிக்க வேண்டும் என்றும், தாய்ச் சமயத்துக்குத் திரும்புவோர்க்கு அது தேவையில்லை என்றும் கூறியது. 2012இல் அம்மாநில உயர் நீதிமன்றம் இந்த விதியை நீக்கியது. தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவும் அதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்று அது கருதியது. எனினும் 2021ஆம் ஆண்டின் உத்தரப் பிரதேசச் சட்டம் 60 நாள் முன்னறிவிப்பைக் கோருவதோடு, மாற்றம் முறையாக நடந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் மாற்றத்துக்குத் துணைநின்றவர் மீது சுமத்துகிறது. 2024இல் செய்த திருத்தம் சிலவகைக் குற்றங்களுக்கு ஆயுள் சிறைவரை தண்டனையை உயர்த்தி, தொடர்பற்ற எவரும் முறையீடு செய்யலாம் என்று விரித்தது. குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றின் புதிய சட்டங்களில் சில விதிகளை அவ்வவ்வுயர் நீதிமன்றங்கள் இடைக்காலமாக நிறுத்தியிருக்கின்றன. பல மாநிலச் சட்டங்களை எதிர்க்கும் மனுக்கள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன.

இந்த வரலாற்றை ஒருசேர நோக்கினால், கண்ணால் காணவும் காதால் கேட்கவும் கூடிய செயல்களைச் சட்டம் அளந்தபோதெல்லாம் அதன் வரம்பு எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றாக அமைந்து நிலைபெற்றதும், உள்ளத்தின் முடிவை அளக்கப் புகுந்தபோதெல்லாம் அது வழக்கில் சிக்கியதும் தெரியவரும். தெருவின் அகலத்தையும் ஒலியின் அளவையும் வசையின் நோக்கத்தையும் சாட்சியங்களால் நிறுவ முடியும்; வயது வந்த ஒருவர் ஏன் சமயம் மாறினார் என்பதை அலுவலர் ஒருவர் விசாரித்து நிறுவுவது அரிது. வன்முறையும் மோசடியும் பொதுக் குற்றவியல் சட்டத்தின்படியே தண்டனைக்குரியவை என்பதால், தனி விதி தேவையில்லை என்று 1947 ஆகஸ்டில் படேலின் குழு கண்ட முடிவே பின்வந்த சட்டங்களைவிட உறுதியான அடிப்படை உடையது. 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பை இன்னும் பெரிய ஆயம் ஒன்று மறுஆய்வு செய்யும்வரை, சமயத்தைப் பொதுவில் உரைப்பவரின் உரிமை நாடு முழுவதும் ஒரே அரசமைப்பு உறுப்பால் காக்கப்படும். அதைக் கேட்டு மனம் மாறுபவரின் உரிமையோ அவர் வாழும் மாநிலத்தைப் பொறுத்து வேறுபடும். தமிழ்நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் எதுவும் இப்போது நடைமுறையில் இல்லை.